குழந்தை சட்டையில் ஏறிய சிங்கம்

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டோம். அதற்காக அந்த வீட்டைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட மாட்டோம். அம்மன் முதல் காரியத்தை மட்டும்தான் தடை செய்திருக்கிறாள்.

இந்த முறை வேப்பிலை ஏறியது மாலா வீட்டில். அவளுடைய பத்து மாதப் பிள்ளை திவாகரனுக்கு அம்மை. பயப்பட ஒன்றுமில்லை. கொப்புளமெல்லாம் காய்ந்து, பையன் மறுபடியும் டிவி ரிமோட்டைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான். ஆபத்தில் கிடந்தது வேறொன்று: மாலாவின் தம்பி சசிகுமாருக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம்.

பெண் நித்தியா, சுங்கை பெசார்க்காரி. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஆராய்கிறாள். தட்டு மாற்றிய சமயம் "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா" என்று எங்கள் ஊர் புக்கிட் ரோத்தான் முழுக்கச் சொல்லி வந்த சசிகுமாரின் அம்மா லோகேஸ்வரி, பேரனுக்கு அம்மை போட்ட மறுநாளே "கிருமி வளக்கிறவ" என்று மாற்றிக்கொண்டாள். அவள் கணவர் சோமு ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வருடம்தான் மாரியம்மன் கோயில் தலைவர் ஆனவர், சாதாரணமாகக் கோயில் மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தராதவர். அவர் பேசாமல் இருந்ததே எங்கள் வீட்டு வரிசைக்குப் பெரிய செய்தி. நான் அவர்களுக்கு அடுத்த வீடு. எனக்குத் தெரியாமல் இருக்குமா.

சசிகுமார் நேராகக் கோலசிலாங்கூருக்குப் போய், சலாவுதீன் சாப்பாட்டுக் கடையின் மாடிப்படி ஏறினான். அங்கேதான் துப்பறிவாளர் லீலாவதியின் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுச் சொந்தமாகக் கடை போட்டுவிட்டாள். அவளுக்கு உதவியாளன் கைருதீன், சலாவுதீனின் மகன். கீழே மேசை துடைக்கச் சொன்னால் சாப்பிட வந்தவர்களை எழுந்திருக்கவிடாமல் பேசுகிறான் என்று அப்பாவே மாடிக்கு அனுப்பிவைத்தார். மாடியில் நடந்ததை எனக்குச் சொன்னவன் அவன்தான். அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

"என்னா தம்பி திருடு போச்சு?" என்று கேட்டான் கைருதீன்.

"ஒண்ணும் போகலண்ணே. ஒண்ணு வந்திருச்சு. அம்மை."

"அதுக்குக் கிளினிக் எதிர்ல இருக்குலா."

"யார் கொண்டு வந்தாங்கன்னு கிளினிக்ல சொல்ல மாட்றாங்க."

லீலாவதி குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் குவளையைக் கீழே வைத்தாள். "உக்காருங்க."

சசிகுமார் சொன்னது இது. முடி இறக்கும் வரைக்கும் பிள்ளை தெருமுனையைத் தாண்டக் கூடாது என்பது லோகேஸ்வரியின் சட்டம். ஆகவே திவாகரன் வெளியே போனதே இல்லை. வீட்டுக்குள் வந்து அவனைத் தூக்கியவர்கள் எல்லாரும் குடும்பத்து ஆட்கள். எல்லாருக்கும் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது. ஒரு தடவை போட்டவர்களுக்கு மறுபடி போடாது. வெளியிலிருந்து வந்தவள் ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நித்தியா பிள்ளையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைக்குக் கொப்புளம்.

"அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. கிளினிக் டாக்டர் சும்மா இருக்காம, அம்மைக் கிருமியும் ஹெர்பீஸ் குடும்பம்தான்னு அக்காகிட்ட சொல்லிட்டாரு. நித்தியா ஆய்வு பண்றதும் ஹெர்பீஸ்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மா அந்தப் பேர கூகள்ல போட்டுப் பார்த்தாங்க. வேற ஏதோ படமெல்லாம் வந்துச்சு. போனக் கவுத்து வச்சிட்டு விளக்கேத்தப் போய்ட்டாங்க."

கைருதீன் இருமுவது போலச் சிரித்துக்கொண்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் அப்பா தட்டத் திருப்பிக் குடுக்கப் போறாரு," என்றான் சசிகுமார். "குடுத்துட்டா நித்தியா திரும்ப வர மாட்டா. கோவத்துல இல்ல. பிள்ளைக்கு நோவு கொண்டாந்தவன்னு பேரோட இந்த வீட்டுக்குள்ள அவளால நிக்க முடியாது. என்னாலயும் முடியாது."

லீலாவதி நித்தியாவை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். நித்தியா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நான் பார்க்கிறது உதட்டுல புண்ணு வருமே, அந்தக் கிருமி. அம்மைக் கிருமி அதுக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி. ரெண்டும் ஒரே குடும்பம்தான். அதுக்காக ஒண்ணு இன்னொண்ணா மாறிடாது அக்கா."

"எங்க குடும்பத்துலயும் அப்டித்தான்," என்றான் கைருதீன். "எங்க அண்ணன் டாக்டரு."

போனை வைத்த பிறகு லீலாவதி ஜன்னலோரம் போய்க் கீழே பார்த்தாள். கீழே சசிகுமாரின் கார், அதற்குப் பக்கத்தில் மீன் லோரி.

"பூட்டுன வீடு. உள்ள வந்தவ ஒருத்தி. கேஸு ரொம்பச் சுத்தமா இருக்கு," என்றாள்.

"அப்ப முடிஞ்சிருச்சா போஸ்?"

"இவ்ளோ சுத்தமா இருந்தா யாரோ தொடச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

அன்று மாலையே இருவரும் மாலா வீட்டுக்கு வந்தார்கள். வேப்பிலைக்கு வெளியே கைருதீன் நின்றுவிட்டான்.

"சின்னதுல உனக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள் லீலாவதி.

"போட்டிருக்கு போஸ். உங்களுக்கு?"

"எனக்கும்."

"அப்ப நீங்க முன்னாடி போங்க."

திவாகரன் தரையில் உட்கார்ந்து ரிமோட்டின் நடுப்பகுதியில் வேலையாக இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போட்டிருந்த உடுப்பைக் கேட்டாள் லீலாவதி. மாலா முகத்தைச் சுளித்தபடி ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தாள். முன்பக்கம் வலது ஓரத்தில் செம்மண் நிறத்தில் கறை.

"புதுச் சட்டை. எத்தன தடவ ஊற வச்சும் போகல. அது நித்தியா லிப்ஸ்டிக்குன்னு அம்மா சொல்றாங்க."

லீலாவதி விரலை நனைத்து அந்த இடத்தைத் தேய்த்தாள். நறநற என்றது.

"லிப்ஸ்டிக்ல மண்ணு இருக்காது. அன்னைக்குப் பிள்ளைய யார் யார் தூக்குனாங்க?"

"யார் தூக்கல? அப்பா, அம்மா, தம்பி, எங்க வீட்டுக்காரரு, நித்தியா. கை மாறிக்கிட்டே இருந்தான்."

"நெஞ்சோட அணைச்சுத் தூக்குனா, பிள்ளைக்கு வலது பக்கம்னா, தூக்குனவங்களுக்கு அது இடது பக்கம்," என்று லீலாவதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கைரு, படம் எடு."

கைருதீன் கறையைப் படமெடுத்துப் பெரிதாக்கினான். நாலு கோடு கால் மாதிரி இருந்தது. மேலே சுருள் சுருளாக ஒரு தலை. ஓரத்தில் ஜிலேபி மாதிரி ஏதோ கிறுக்கல். போனில் படத்தை இடவலமாகத் திருப்பியதும் ஜிலேபி திருந்தி 'ஓம்' என்று நின்றது.

"போஸ், இது சட்டையில வரைஞ்சதில்ல. ஈரமா எங்கயோ இருந்தது இங்க ஒட்டியிருக்கு. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி."

"என்னா படம் அது?"

"பூனை. சாமி பூனை."

லீலாவதி படத்தைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் தட்டியது என்று கைருதீன் சொல்கிறான். அவன் சொன்னதில் நான் நம்பும் பாதியில் இதுவும் ஒன்று.

"பூனை இல்லடா. சிங்கம். யாருக்கோ அக்கி வந்திருக்கு."

உடம்பில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் பட்டையாகக் கிளம்பி நெருப்பாக எரியுமே, அதுதான் அக்கி. சீனர்கள் பாம்பு என்பார்கள். நம் ஆட்கள் காவி மண்ணைக் குழைத்து அதன் மேல் சிங்கம் எழுதச் சொல்லுவார்கள், சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்று. சிங்கம் எழுத இந்த வட்டாரத்தில் இப்போது ஒரே ஒருவர்தான். தஞ்சோங் காராங்கில் கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசும் அழகேசன்.

மறுநாள் காலை அவர் ஒரு கோயில் வாசலில் சாரத்தின் மேல் நின்று காவல் தெய்வத்துக்கு மீசை போட்டுக்கொண்டிருந்தார். கைருதீன் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, மீசை ஒரு பக்கம்தான் இருக்கு."

"இன்னொரு பக்கம் இன்னும் போடல தம்பி. அவருக்கே அவசரம் இல்ல, உனக்கு என்னா?"

லீலாவதி போனை நீட்டினாள். "ஐயா, இந்தப் பூனைய வரைஞ்சது யாருன்னு தெரியுமா? கை ரொம்பச் சுமாரா இருக்கு."

அழகேசன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் காவல் தெய்வத்தின் முகம் மாதிரியே ஆயிற்று.

"பூனையா? பிடரியப் பாருங்க. எந்தப் பூனைக்கு இப்டிப் பிடரி இருக்கு? சதை மேல எழுதுறது என்னா சுவத்துல எழுதுற மாதிரியா? மூச்சு விட்டா சிங்கமும் மூச்சு விடும்."

"அப்ப நீங்க எழுதுனதுதான்."

அவர் தூரிகையைக் கழுவினார். சிக்கிக்கொண்டது புரிந்துவிட்டது. "பேரு கேக்காதீங்க. நான் யார்கிட்டயும் பேரு கேக்கிறதில்ல. அக்கியப் பார்ப்பேன், முகத்தப் பார்க்க மாட்டேன்."

"அக்கியவே சொல்லுங்க."

"இடது விலா. முன்னாலேர்ந்து முதுகு வரைக்கும், பாதி பெல்ட் கட்டுன மாதிரி. போன வாரமும் வந்து எழுதிக்கிட்டாரு. மொத தடவ வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. எழுதுன பெறகு சட்டை போடாமக் காய விடணும்னு சொன்னேன். வீட்டுல ஆளுங்க இருக்காங்களேன்னு முனகிக்கிட்டே போனாரு. கார்ல ஏறி சீட் பெல்ட்ட மாட்டல. முயல் காதப் பிடிக்கிற மாதிரி கையால தூரமாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டுப் போனாரு."

"என்ன காரு?"

"நீல மைவி. பின்னாடி 'அம்மன் துணை' ஸ்டிக்கர்."

வாய்க்கால் ஓரமாக வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்ததும் கைருதீன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"போஸ். நீல மைவி, அம்மன் துணை. நேத்து நம்ம கடை வாசல்ல மீன் லோரிக்குப் பக்கத்துல நின்னது அதுதான். நம்மகிட்ட கேஸு குடுத்தவனே திருடன்."

சசிகுமாரைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கடைக்கு வரச் சொன்னார்கள். வந்ததும் லீலாவதி சுற்றி வளைக்கவில்லை.

"சட்டையக் கழட்டுங்க."

"இங்கயா?"

"மாடிக்கு வாங்க. வெக்கமா இருந்தா கைரு திரும்பிக்குவான்."

"நான் திரும்ப மாட்டேன்," என்றான் கைருதீன்.

சசிகுமார் ரொம்பத் தயங்கினான். தயக்கத்தைப் பார்க்கப் பார்க்கக் கைருதீனுக்குச் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சட்டை கழன்றது. விலாவில் ஒரு புள்ளி இல்லை. நெஞ்சில் மட்டும், இதயத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில் 'நித்தியா' என்று பச்சை குத்தியிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிறாதீங்க அக்கா," என்றான் அவன் மெதுவாக. "கோயில் தலைவர் மகன் இப்டிப் பண்ணலாமான்னு கேப்பாரு."

"உங்க கார வேற யாரு ஓட்டுவாங்க?"

"யாரும் ஓட்ட மாட்டாங்க. அப்பா மட்டும்தான், எப்பவாச்சும் பூசைச் சாமான் வாங்க..."

லீலாவதி சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். பிற்பகல் லீலாவதி என் கேட்டருகே வண்டியை நிறுத்தி, "புனிதாக்கா, கொடியேத்தத்துக்குப் போயிருந்தீங்களா?" என்றாள். வேறு யாரிடம் கேட்டாலும் கொடி ஏறியதைச் சொல்லியிருப்பார்கள். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தேன்.

"தலைவரா நிக்கிறவரு இடுப்பு வேட்டியும் துண்டுமா வெறும் மேலோடதான் நிப்பாரு. அதுதான் வழக்கம். சோமண்ணன் இந்த வருஷம் ஜிப்பாவோட நின்னாரு. காத்து சரியில்லன்னாரு. அன்னைக்கு இலை கூட அசையல."

"வேற?"

"ஒரு மாசமா ஹால்ல தனியாப் படுக்கிறாரு. அவங்களுக்குள்ள சண்டைன்னு நான் நெனச்சேன்." நினைத்ததோடு நிறுத்தவில்லை, நாலு பேரிடம் சொல்லியும் இருந்தேன். அது இப்போது முக்கியமில்லை.

சாயங்காலம் லோகேஸ்வரியின் பாத்திரம் ஒன்று என் வீட்டில் இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். ஹாலில் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பழம், தேங்காய், பட்டுப்புடவை. அதற்கு எதிரே நித்தியா. அவளே சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்தாள்.

"எங்கிட்டயே குடுங்க அத்தே. எங்க அப்பா வந்து வாங்க வேணாம்," என்றாள். லோகேஸ்வரி புடவையின் மடிப்பைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த மடிப்பு அது.

லீலாவதியும் கைருதீனும் உள்ளே வந்தார்கள். சசிகுமார் கதவைச் சாத்தினான். சோமு ஜிப்பாவோடு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இவங்க யாரு?"

"கோயில் தலைவரா ஆனதுக்கு வாழ்த்திட்டுப் போலாம்னு," என்றாள் லீலாவதி. "கைரு."

கைருதீன் பெருநாள் அன்று சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடிப்பது போல இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு போனான். "மாமா, வாழ்த்துகள்..."

சோமு எழுந்த வேகம் அவருடைய வயதுக்குச் சேர்ந்ததில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். இடது கை தானாக விலாவை மூடிக்கொண்டது. கைருதீன் விரித்த கையை விரித்தபடியே நின்றான்.

லீலாவதி குழந்தையின் சட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். "அழகேசன் சிங்கம். உங்க விலாவுல இருந்தது. பிள்ளை சட்டையில ஏறியிருக்கு."

லோகேஸ்வரி சட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "என்னங்க இது?"

சோமு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அக்கிதான். சூட்டுல வர்றது. எலக்‌ஷனுக்கு வெயில்ல அலைஞ்சேன், வந்திருச்சு. காப்பு கட்டுன உடம்புல அக்கின்னு தெரிஞ்சா அம்மன் கோவம்னு பேசுவாங்க. பரிவட்டம் கட்ட விடுவாங்களா? அதான் சொல்லல. அன்னைக்குச் சட்டையக் கழட்டி மாலா வீட்டுப் பின்னறையில காய வச்சுக்கிட்டு இருந்தேன். பய தவழ்ந்து வந்து ரெண்டு கையயும் தூக்குனான். தூக்காம எப்டி இருக்கிறது?" பிறகு குரலை உயர்த்தினார். "ஆனா அக்கி வேற, அம்மை வேற. எனக்குச் சின்னப் பிள்ளையிலயே அம்மை போட்டாச்சு. போட்டவனுக்கு மறுபடி வராது."

"வராது மாமா," என்றாள் நித்தியா. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். "ஏன்னா அது போகவே இல்ல."

அவள் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சண்டை போடுகிறவள் உட்காரும் விதமில்லை அது.

"நீங்க மண்டோரா இருந்தீங்கல்ல. காலையில ஆளுங்கள வரிசையா நிக்க வச்சுப் பெரட்டு எடுப்பீங்கல்ல?"

"எடுத்தேன்."

"அன்னைக்கு என்னா வேலைன்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"ஆபீஸ்ல. நான் உத்தரவ வாங்கி ஆளுங்ககிட்ட வாசிப்பேன். அவங்க செய்வாங்க."

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் அப்டி ஒரு தோட்டம் மாமா. நடுவுல ஆபீஸ். எந்த உத்தரவு எப்ப வாசிக்கணும், எத வாசிக்கக் கூடாதுன்னு அங்க ஒரு முறை இருக்கு. இந்தக் குடும்பத்துக் கிருமிங்ககிட்ட ஆளும் இல்ல, கத்தியும் இல்ல, லோரியும் இல்ல. தன்னோட உத்தரவுக் கட்டு ஒண்ணுதான் கொண்டு வரும். நான் ஆய்வுல பார்க்கிறவன் கூடவே ஒரு கையாளயும் கூட்டிக்கிட்டு வருவான். அந்தக் கையாள் ஆபீஸ்ல ஏற்கெனவே வேலை செய்ற ரெண்டு பேரக் கூட்டு சேத்துக்கிட்டு, மண்டோர் தோள்ல கை போட்டு, 'அண்ணே இத மொதல்ல வாசிங்க'ன்னுவான்."

"மண்டோர் வாசிச்சிருவானா?" சோமுவின் குரலில் தொழில் கோபம் வந்துவிட்டது.

"கூட நிக்கிறது ஆபீஸ் ஆளுங்கதானே. வாசிச்சிருவாரு. பெறகு தோட்டத்தோட சொந்த உத்தரவையெல்லாம் கிழிச்சுப் போட்டுருவான். அதுக்கப்புறம் குலை வெட்ட ஆளில்ல, உரம் போட ஆளில்ல. மொத்தத் தோட்டமும் அவன மாதிரி இன்னொருத்தன், இன்னொருத்தன்னு செஞ்சு தள்ளும். அதுதான் கொப்புளம். உங்க கிருமி இவனோட தங்கச்சி. ஏறக்குறைய அதே தில்லுமுல்லுதான்."

"அப்ப அம்மை எறங்குன பெறகு?"

"நரம்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். அங்க சத்தம் போடாது. உத்தரவுக் கட்டச் சுருட்டி, ஆபீஸ் அலமாரியில ஆபீஸ் கட்டு மாதிரியே படுத்துக்கும். ஆபீஸ்காரங்களே அதையும் தங்களோடதுன்னு கயிறு போட்டுக் கட்டி வச்சிருவாங்க. கட்டுனத வாசிக்க முடியாது. நீங்க தோட்டத்து லயத்து வீட்டுல சின்னப் பிள்ளையா அம்மை போட்டுப் படுத்தீங்களே, அன்னையிலேர்ந்து அது உங்க முதுகெலும்புக்குப் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்திருக்கு."

"கயிறு ஏன் அவுந்துச்சு?"

"வயசு. கவலை. தூக்கம் கெட்டது. காவல் அசந்துச்சுன்னா அவுந்துரும்."

"கோயில் எலக்‌ஷன்," என்றாள் லோகேஸ்வரி.

"முழிச்சு நரம்பு வழியாவே தோலுக்கு வரும். அதான் ஒரு பக்கம் மட்டும் பட்டை. உங்களுக்கு அதுக்குப் பேரு அக்கி. அந்தக் கொப்புளத்துத் தண்ணி, அம்மையே பார்க்காத பிள்ளை மேல பட்டா, பிள்ளைக்கு அதுக்குப் பேரு அம்மை. ஆளு ஒண்ணுதான்."

பூட்டிய வீட்டுக்குள் யாரும் எதையும் கொண்டுவரவில்லை. அது சோமுவோடு சின்ன வயதிலிருந்தே குடியிருந்திருக்கிறது.

சோமு நாற்காலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். "டாக்டர் ரெண்டும் ஒரே குடும்பம்னு சொன்னப்ப எனக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. யார்கிட்டயாச்சும் கேக்கணும்னு நெனச்சேன். இதெல்லாம் தெரிஞ்சது ஒருத்திதான். அவளுக்குத்தான் தட்டத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டு இருந்தேன்." தலையைக் குனிந்தார். "என் பேரனுக்கு நானே குடுத்திருக்கேன்."

"மண்டோர் மேல தப்பு இல்ல மாமா. தோள்ல கை போட்டவன் யாருன்னு அவருக்கு எப்டித் தெரியும்? பெறகு தெரிஞ்சதும் அவரு என்னா செய்றாருங்கிறதுதான்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சோமு தட்டைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பிறகு ஜிப்பாவை மெதுவாகத் தலைவழியே கழற்றினார். இடது விலாவில் காய்ந்த பொருக்கு, அதன்மேல் பாதி அழிந்த காவி. தலையும் ஒரு காலும் மிச்சம்.

"பூனையேதான்," என்றான் கைருதீன்.

நித்தியா அருகில் போய்ப் பார்த்தாள். "காஞ்சிருச்சு. இனிமே ஒட்டாது. வலி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. வந்தப்பவே போயிருந்தா, அது பெருகுறதத் தடுக்க மாத்திரை இருக்கு."

சோமு போனை எடுத்தார். கோயில் செயலாளரை அழைத்தார். "தம்பி, சோமுதான். எனக்கு உடம்புல அக்கி. பேரனுக்கு அம்மை வந்ததும் என்னாலதான். பொண்ணு மேல ஒண்ணும் இல்ல, யாராச்சும் கேட்டா அப்டியே சொல்லு. இந்த வருஷம் பரிவட்டம் வேற ஆளுக்குக் கட்டிருங்க." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "எலக்‌ஷன்ல எதிர்த்து நின்னாரே கலாவதி புருஷன், அவருக்கே கட்டிருங்க. எங்கிட்ட தோத்ததுக்கு அவருக்கும் ஒரு ஆறுதல்."

வருஷக்கணக்காகக் காத்திருந்த பரிவட்டத்தை அவர் இப்படி ஒரு போனில் விட்டுக்கொடுப்பார் என்று எங்கள் வரிசையில் ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டோம்.

போனை வைத்துவிட்டு அவர் லோகேஸ்வரியிடம், "தட்ட உள்ள எடுத்து வை," என்றார். அவள் புடவையை மட்டும் எடுத்து நித்தியாவின் மடியில் வைத்தாள். உடனே தே கலக்க அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கூகளில் பார்த்ததை மறக்க அவளுக்கும் கொஞ்ச நாள் வேண்டும்.

சசிகுமார் சந்தோஷத்தில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றப் போனான். கைருதீன் கையைப் பிடித்துத் தடுத்தான். "ஒரு நாளைக்கு ஒரு படம் போதும் தம்பி."

"அந்தக் கட்டு மறுபடி அவுருமாம்மா?" என்று சோமு கேட்டார்.

"அவுராம எப்டி வைக்கிறதுன்னுதான் நான் படிக்கிறேன் மாமா."

"அப்ப மொதல்ல படிச்சு முடி. கல்யாணத் தேதிய அதுக்குத் தக்கன வச்சுக்கலாம்."

கதவு சாத்தியிருந்தது. உள்ளே நாங்கள் ஏழு பேர்தான். லோகேஸ்வரி தே கலக்கி எல்லாருக்கும் கொடுத்து முடிப்பதற்குள் லீலாவதியின் போன் அடித்தது. தஞ்சோங் காராங்கிலிருந்து அழகேசன். தன்னுடைய சிங்கத்தை நடு வீட்டில் வைத்துப் பூனை என்று சொன்னார்களாமே என்று ரொம்ப வருத்தப்பட்டார்.

லீலாவதி போனை வைத்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்து நிறுத்தினாள்.

நான் கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கொடுக்க வந்த பாத்திரத்தையே எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.